குரலுக்கு உரியவர் யார்?

பாடகர் சாகுல் ஹமீது 1997இல் மறைந்தார். பம்பா பாக்யா 2022இல். 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ திரைப்படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில், செயற்கை நுண்ணறிவின் துணையால் இருவர் குரல்களும் மீண்டும் ஒலித்தன. ‘திருடா திருடா’வின் ‘ராசாத்தி’யைக் கேட்டு வளர்ந்தோருக்கு முதலில் சிலிர்ப்பு, அடுத்து ஒரு தயக்கம். குடும்பத்தாரின் இசைவைப் பெற்று, உரிய ஊதியமும் வழங்கியதாக ஏ.ஆர்.ரகுமான் தெரிவித்தார். அந்த அளவில் நேர்மையான முறையே.

அதே ஆண்டு ஜூலையில், தம் குரலை நகலெடுக்க உதவிய இணையத் தளங்களுக்கு எதிராகப் பாடகர் அரிஜித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். வாழ்வோர் வழக்காடலாம். மறைந்தோர்? வைப்புத்தொகைக்கு நியமனதாரரைக் குறிக்கும் நாம், குரலுக்கு எவரையும் குறிப்பதில்லை. குடும்பத்தார் இசையலாம், எனினும், இந்தப் பாடலைப் பாட அவர் மறுத்திருப்பாரோ என்பதை அவர்களாலும் ஊகிக்கத்தான் இயலும்.