ஒலிபெருக்கிப் பெட்டியின் அளவும் தாழ்சுரமும்

பேஸ் கித்தாருக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வாங்குவோர் பலர், பெரிய கூம்பே தாழ்ந்த சுரத்தைத் தருமென எண்ணிப் பொருளை இழக்கின்றனர். அவ்வெண்ணம் முற்றும் உண்மையன்று.

நான்கு தந்திகளையுடைய அக்கருவியின் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். அத்துணைத் தாழ்ந்த ஒலி அரங்கெங்கும் கேட்க வேண்டுமாயின், கூம்பு மிகுந்த காற்றை அசைத்தல் வேண்டும். கூம்பின் பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 15 அங்குலக் கூம்பு ஒன்றின் பரப்பு 225 பங்கெனின், 10 அங்குலக் கூம்புகள் நான்கின் பரப்பு 400 பங்காம். 1969இல் ஆம்பெக் நிறுவனத்தார் 300 வாட் பெருக்கியோடு வெளியிட்ட பெட்டியில் பத்தங்குலக் கூம்புகள் எட்டு இருந்தன. அவற்றின் பரப்பு 800 பங்கு.

இனி, பெட்டியின் கொள்ளளவும் கருதற்பாலது. மூடிய பெட்டியுள் அடைபட்ட காற்று சுருள்வில்போல நின்று கூம்பின் அசைவைத் தடுக்கும். பெட்டி சிறுத்தால் அவ்வில் விறைக்கும், தாழ்சுரம் மெலியும். ஆகவே சிறிய பெட்டி, ஆழ்ந்த சுரம், மிகுந்த உரப்பு என்னும் மூன்றனுள் இரண்டையே ஒருங்கு பெறலாகும்.

சிற்றறைக்குப் பன்னிரண்டங்குலக் கூம்பு ஒன்று சாலும். முரசொலி மிக்க பேரரங்கிற்குப் பல கூம்புகள் வேண்டும். ஆதலின் வாங்குவோர் கூம்பின் உருவங்கண்டு மயங்காது, அரங்கின் அளவையும் சுமப்போர் வலிமையையும் சீர்தூக்கித் தேர்வாராக.