போர்வையும் பந்தும்

நெட்டையான ஒரு சூடான் இளைஞரைச் சம்பந்தமில்லாத மூன்று இடங்களில் தற்செயலாகப் பார்த்துவிடுகிறான் ஆல்பர்ட். இதற்கு ஏதோ பொருள் இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்ற, ஒரு துப்பறியும் அலுவலகத்தின் படியேறுகிறான். அங்கே இருக்கும் பெர்னார்ட் – விவியன் தம்பதிக்குக் கொலை, கொள்ளையில் அக்கறை இல்லை. 'நான் எதற்காக இருக்கிறேன்' என்று குழம்பி வருபவர்களின் வாழ்க்கையைத் துப்பறிவதுதான் அவர்கள் தொழில். டேவிட் ஓ. ரஸல் இயக்கி 2004-இல் வெளிவந்த 'ஐ ஹார்ட் ஹக்கபீஸ்' இப்படித்தான் தொடங்குகிறது. டஸ்டின் ஹாஃப்மன், லிலி டாம்லின், ஜூட் லா, நவோமி வாட்ஸ் என்று ஒரு பட்டாளமே இதில் உண்டு. ஆளுக்கொரு குழப்பமும் உண்டு. மார்க் வால்பெர்க் நடித்த தீயணைப்பு வீரர் பெட்ரோல்மீது கொண்ட வெறுப்பில் தீ விபத்துக்குச் சைக்கிளில் போகிறார். வண்டி நெரிசலில் மாட்டிக்கொள்ள, இவர் முதலில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்!

ஆல்பர்ட்டின் தற்செயலுக்குக் கணிதத்தில் சுலபமாக விடை கிடைக்கும். 23 பேர் கூடிய அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கும் மேல். நிறையச் சந்திப்புகள் நடக்கும் ஊரில் சில சந்திப்புகள் திரும்ப நடக்கத்தான் செய்யும். ஆனால் படம் முன்வைக்கும் மற்ற இரண்டு விஷயங்களை அப்படித் தள்ளிவிட முடியாது.

முதலாவது, பெர்னார்டின் போர்வை. ஒரு வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு, இந்த இடம் நீ, இந்த இடம் நான், அதோ அது ஈஃபில் கோபுரம் என்று காட்டுகிறார். பிரபஞ்சம் முழுவதும் ஒரே துணி. நீ வேறு, நான் வேறு என்பது தோற்றம்தான் என்கிறார். ரஸல் கல்லூரி நாட்களில் ராபர்ட் தர்மன் என்ற பௌத்த அறிஞரிடம் பாடம் கேட்டவர். போர்வை எங்கிருந்து வந்தது என்று ஊகிப்பது கடினமல்ல.

இதை இயற்பியல் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்ளும்? மூச்சையே எடுத்துக்கொள்வோம். சாதாரணமாக நாம் உள்ளிழுக்கும் அரை லிட்டர் காற்றில் ஏறத்தாழ 10^22 மூலக்கூறுகள் இருக்கின்றன. 1-க்குப் பின்னால் 22 சுழியங்கள். பூமியின் காற்று மண்டலம் முழுவதும் சேர்த்தால் சுமார் 10^44. அதாவது, ஒரு மூச்சில் எத்தனை மூலக்கூறுகளோ, காற்று மண்டலத்தில் ஏறத்தாழ அத்தனை மூச்சுகள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜூலியஸ் சீசர் கடைசியாக விட்ட மூச்சு இன்று உலகமெங்கும் சீராகக் கலந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் இப்போது இழுத்த மூச்சில் அதன் மூலக்கூறு சராசரியாக ஒன்று இருக்கிறது. ஆக்சிஜன் வேதிவினைகளில் உருமாறிவிடும் என்பது சரிதான். ஆனால் காற்றில் 78 சதவீதமாக உள்ள நைட்ரஜன் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பெர்னார்டின் போர்வையை இந்தக் கணக்கு கிழித்துவிடவில்லை.

இருந்தும் ஆல்பர்ட்டுக்கு ஆறுதல் கிடைப்பதில்லை. சதுப்பு நிலத்தைக் காப்பாற்ற அவன் அமைத்த இயக்கத்தை ஹக்கபீஸ் கடைக்காரர்களின் ஆள் அவன் கண்ணெதிரிலேயே கைப்பற்றிக்கொண்டிருக்கிறான். அவனும் நானும் ஒரே துணி என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? அங்கேதான் இஸபெல் ஊப்பேர் நடித்த காத்ரின் நுழைகிறார். எல்லாம் அர்த்தமற்றது என்பது அவர் கட்சி. அவரிடம் போனவர்கள் ஒரு பெரிய ரப்பர் பந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் ஓங்கி அடித்துக்கொள்கிறார்கள். அடி விழுந்த கணத்தில் யோசனை நின்றுபோகிறது. 'நான்' காணாமல் போகிறது. கொஞ்ச நேரத்துக்குத்தான்.

கிறுக்குத்தனமாகத் தெரியும் இந்தக் காட்சியில்தான் எனக்கு அறிவியல் அதிகம் தென்படுகிறது. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். செலவழிக்கும் ஆற்றலோ 20 சதவீதம். ஒரு வேலையில் கவனத்தைக் குவிக்கும்போது இந்தச் செலவு பெரிதாகக் கூடுவதில்லை. சில பகுதிகளில் செயல்பாடு குறையவே செய்கிறது. அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரெய்ச்சலும் அவரது குழுவினரும் 2001-இல் இதை மூளையின் 'இயல்பு நிலை' என்று விளக்கினார்கள். சும்மா இருக்கும்போது நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டை ஒட்டிய பகுதியும், மூளையின் பின்புறம் உட்புறமாக அமைந்த இன்னொரு பகுதியும் சேர்ந்து இயங்குகின்றன. நேற்று அவர் ஏன் அப்படிச் சொன்னார், நாளைக்கு என் கதி என்ன, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று தன்னைப் பற்றிய கதையை ஓட்டுவதில் இந்த வலைப்பின்னலுக்குப் பெரிய பங்கு உண்டு. வலி கவனத்தை வலுக்கட்டாயமாகப் பிடித்து இழுக்கிறது, கதை அறுந்துபோகிறது. வலி அடங்கியதும் மூளை தன் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது. யோசனை நின்ற அந்த நிலையிலேயே இருந்துவிட முடியாது, மனித நாடகத்துக்குள் மறுபடி இழுக்கப்பட்டே தீருவோம் என்று காத்ரினும் சொல்லிவிடுகிறார்.

திரும்பி வருகிற இடம் இனிமையானதாக இருப்பதும் இல்லை. கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற ஹார்வர்டு உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் கைப்பேசி வழியே கேள்வி கேட்டார்கள். விழித்திருக்கும் பொழுதில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் வேறெங்கோ அலைகிறது. அலையும்போது மகிழ்ச்சியும் குறைவு.

கடைசியில் போர்வையும் பந்தும் தனித்தனியே பாதி உண்மைதான் என்ற இடத்துக்கு ஆல்பர்ட் வந்து சேருகிறான். எனக்கும் அது சரியாகவே படுகிறது. பந்தைத் தேடி யாரும் கடைக்குப் போக வேண்டியதில்லை. நீண்டகாலம் தியானம் செய்து பழகியவர்களிடம் இதே வலைப்பின்னல் தியானத்தின்போது அடங்கியிருப்பதை ஜட்ஸன் புரூவரின் குழு 2011-இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறது. முகம் வீங்காத வழியும் இருக்கிறது. பழக நாளாகும், அவ்வளவுதான்.