குரல்கள் அடங்கிய பிறகும் மீள வேண்டியது

மனச்சிதைவு நோய் ‘நான்’ என்ற உணர்வையே கலைத்துவிடுகிறது. தன் மனத்தில் எழும் எண்ணத்தை வேறு யாரோ புகுத்துவதாகத் தோன்றும். ஆளில்லாத இடத்தில் தன்னைத் திட்டும் குரல் கேட்கும். மலேசியாவில் கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் இந்த நிலையில் உள்ள பலர் பரிகாரம், தாயத்து, போமோ (மலாய் மந்திரவாதி) என்று அலைந்து பணமும் மாதங்களும் கரைந்த பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீள நீள மீள்வது கடினமாகிறது.

செய்வினை, கல்யாணம், ‘தூக்க மாத்திரை’

இந்த நோய் செய்வினை அல்ல. கோயிலுக்குப் போகலாம், மனம் ஆறும். ஆனால் மருந்தை நிறுத்திவிட்டுப் போகக் கூடாது. கல்யாணம் செய்துவைத்தால் தெளியும் என்பது இருவர் வாழ்க்கையைப் பணயம் வைக்கும் பேச்சு. ‘தஞ்சோங் ரம்புத்தானில் அடைத்துவிடுவார்கள்’ என்ற பயமும் பழையது. அங்குள்ள மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது; இன்றோ கோலாலம்பூர் மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம், கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை என வீட்டுக்கு அருகிலேயே மனநலப் பிரிவுகள் உள்ளன.

மனச்சிதைவுக்கான மருந்துகள் வெறும் தூக்க மாத்திரைகள் அல்ல; போதைபோல் அடிமையாக்குவதுமில்லை. தேறியதும் தாமாகவே நிறுத்துவதும், பாதி மாத்திரை கொடுப்பதும், பக்கத்து வீட்டார் சொன்ன சூரணத்துக்கு மாறுவதும்தான் ஆபத்து. முதல் பாதிப்பிலிருந்து தேறியவர்கள் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று 1999இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. மருந்தால் உடல் பருத்தாலோ கை நடுங்கினாலோ மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்.

பரிசோதனை

இதே அறிகுறிகளைத் தரும் பிற காரணங்களை விலக்க ரத்தப் பரிசோதனையும், சிலருக்கு மூளை ஸ்கேனும் செய்யப்படும்.

தன்னை மீட்பது

மருந்து குரல்களை அடக்கும்; ஆளை மீட்க அது மட்டும் போதாது. ஆள் எப்படி மீள்கிறார் என்பதை ஆய்வாளர்கள் லாரி டேவிட்சனும் ஜான் ஸ்ட்ராஸும் 1992இல் விளக்கினார்கள். தன்னாலும் ஏதோ இயலும் என்று நோயாளி முதலில் காண்கிறார். தன் பலத்தையும் எல்லையையும் எடைபோடுகிறார். சிறு செயலில் இறங்கிப் பார்க்கிறார். அதில் கிடைத்த நம்பிக்கையைக் கொண்டே நோயையும் ஊராரின் ஏளனத்தையும் எதிர்கொள்கிறார். மலேசிய சுகாதார அமைச்சின் மெந்தாரி மையங்கள் நோயாளிகளுக்கு வேலை தேடித் தந்து, வேலையில் நிலைக்கத் துணைநிற்பது இதற்காகத்தான். மீள முடியும் என்பதற்குச் சான்றும் உண்டு: அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளிவந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நன்கு தேறியிருந்தார்கள்.

வீட்டாருக்கு

தயவுசெய்து அவரை அறைக்குள் மறைக்காதீர்கள். கிளினிக்கில் அவரிடம் கேட்கும் கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். சந்தைக்கு அனுப்புங்கள், காசைக் கையில் கொடுங்கள். தூக்கம் குறைந்தாலோ, பேச்சு ஒடுங்கினாலோ, வீண் சந்தேகம் தலைதூக்கினாலோ அடுத்த மருத்துவத் தேதி வரை காத்திருக்காமல் அன்றே அழைத்து வாருங்கள்.