இரு கதவா, நான்கு கதவா? கார் நிறுவனங்களின் கணக்கும் குடும்பங்களின் தேவையும்

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைகள் நிறைந்த தெருக்களில் ஒன்று ரூ பெர்தொனே. பிரான்ஸில் ரயில் பாதைகள் அமைவதற்கு முன்னின்று உழைத்த பொறியாளர் ஒகுஸ்த் பெர்தொனேயின் பெயரைத் தாங்கிய சிறிய தெரு இது. புறநகர்களிலிருந்து பொருட்கள் வாங்க இப்பகுதிக்கு வரும் தமிழ்க் குடும்பங்களின் காரில் பெரும்பாலும் எல்லா இருக்கையும் நிறைந்திருக்கும். பிள்ளைகள், தாத்தா பாட்டி, திரும்பும்போது அரிசி மூட்டையும் காய்கறிப் பெட்டியும் என்று பின்னிருக்கைக்கு எப்போதும் வேலை உண்டு.

அந்தப் பின்னிருக்கைக்குத் தனிக் கதவு வேண்டுமா என்ற கேள்வி, உலகின் கார் நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக எதிர்கொண்டு வந்த ஒன்று. நான்கு கதவு கொண்ட ஒரு செடான் காரை விற்கும் நிறுவனம், அதன் இரு கதவு வடிவத்தையும் சேர்த்து விற்பது லாபகரமானதா? ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இதற்கு "ஆம்" என்பதே வழக்கமான பதிலாக இருந்தது. இன்று அந்தப் பதில் ஏறக்குறைய முற்றாக மாறிவிட்டது. இம்மாற்றத்தின் காரணங்களைப் புரிந்துகொள்ள பிரான்ஸின் அனுபவத்தோடு சென்னையின் பழைய அனுபவம் ஒன்றும் உதவுகிறது.

இரு கதவின் ஆதாயங்கள்

இரு கதவு கார்களைக் குறிக்கும் "கூபே" என்பது பிரெஞ்சுச் சொல். "வெட்டப்பட்டது" என்பது அதன் பொருள். குதிரை வண்டியின் ஒரு பகுதியைக் குறைத்து இருவர் மட்டும் அமரும்படி செய்த வண்டியை அச்சொல் முதலில் குறித்தது. இந்திய ரயில்களில் முதல் வகுப்பில் பயணம் செய்தவர்களுக்கு, இருவருக்கான சிறு அறையின் பெயராக இச்சொல் அறிமுகமாகியிருக்கும்.

ஆனால் இரு கதவு கார்கள் எல்லாமே அழகுக்காக வாங்கப்பட்டவை அல்ல. கதவுகள் குறைந்தால் கீல்கள், பூட்டுகள், கண்ணாடி ஏற்றும் கருவிகள் ஆகியவையும் குறைகின்றன. எனவே காரின் விலையும் எடையும் சற்றுக் குறையும். பக்கவாட்டில் திறப்புகள் குறைவதால் காரின் உடலுக்கு உறுதி கிடைப்பதும் எளிது. பின் கதவுகளில் குழந்தைகள் திறக்க முடியாத பூட்டுகள் பரவலாவதற்கு முன்பு, ஓடும் காரிலிருந்து பிள்ளைகள் விழுந்துவிடுவார்கள் என்ற அச்சமும் பெற்றோரிடம் இருந்தது. அக்காலத்தில் பின் கதவு இல்லாமையே ஒரு பாதுகாப்பாகக் கருதப்பட்டது.

1972இல் அறிமுகமான ரெனோ 5 கார் முதல் ஏழு ஆண்டுகளுக்கு இரு பக்கக் கதவுகளுடன் மட்டுமே விற்கப்பட்டது. பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் கதவையும் சேர்த்து இவ்வகைக் கார்களை "மூன்று கதவு" கார்கள் என்று ஐரோப்பாவில் கணக்கிடுவது வழக்கம். ஐந்து கதவு கொண்ட ரெனோ 5 வந்தது 1979இல்தான். 1993இல் வெளிவந்த முதலாவது ரெனோ துவிங்கோவும் மூன்று கதவு வடிவத்தில் மட்டுமே விற்கப்பட்டு, பெரும் வெற்றி பெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஒரு காரை இரு கதவுடன் மட்டும் தயாரிப்பது செலவைக் குறைக்கும் முடிவு. ஒரே காரை இரு கதவிலும் நான்கு கதவிலும் தயாரிப்பது செலவைக் கூட்டும் முடிவு. நிறுவனங்களைச் சங்கடத்தில் ஆழ்த்துவது இந்த இரண்டாவது வகை.

கூடுதல் வடிவத்தின் விலை

நான்கு கதவு காரிலிருந்து இரு கதவுகளை அகற்றினால் இரு கதவு கார் கிடைத்துவிடும் என்று தோன்றலாம். நடைமுறை அவ்வளவு எளிதல்ல. முன் கதவு நீளமாக வேண்டும். கூரையைத் தாங்கும் நடுத்தூண் பின்னோக்கி நகர வேண்டும். பக்கவாட்டுத் தகடு முழுவதற்கும் புதிய அச்சுகள் செய்ய வேண்டும். பின்னால் ஏறுவதற்காக முன் இருக்கை மடிந்து நகரும் ஏற்பாடு வேண்டும். பக்கவாட்டு மோதலில் கார் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் பல ஆண்டுகளுக்கு உதிரிப் பாகங்களை இருப்பில் வைத்திருக்க வேண்டும்.

இந்தச் செலவை எத்தனை கார்களின் மீது பங்கிடலாம் என்பதே அடிப்படைக் கணக்கு. பெஜோ நிறுவனத்தின் 406 வரிசை இதற்குத் தக்க உதாரணம். அதன் கூபே வடிவத்தை இத்தாலியின் பினின்ஃபரினா நிறுவனம் வடிவமைத்து, தனது ஆலையிலேயே தயாரித்தும் கொடுத்தது. அழகுக்காக இன்றளவும் பாராட்டப்படும் கார் அது. 2004இல் தயாரிப்பு முடிவடைந்தபோது ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான கூபே கார்கள் வெளிவந்திருந்தன. அதே வரிசையின் செடான், ஸ்டேஷன் வேகன் ஆகியவை பத்து லட்சத்தைத் தாண்டி விற்றிருந்தன. நிறுவனத்தின் பெயருக்குப் பெருமை சேர்த்த கூபே, விற்பனைக் கணக்கில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

ரெனோ தனது லகூனா செடானின் கூபே வடிவத்தை 2008இல் கொண்டுவந்தது. 2015இல் அதன் தயாரிப்பு முடிந்தபின், அதற்கு வாரிசாக வந்த தலிஸ்மான் செடானுக்குக் கூபே வடிவமே அளிக்கப்படவில்லை.

சிறிய கார்களிலும் இதே போக்குதான். ரெனோ கிளியோவின் முதல் மூன்று தலைமுறைகள் மூன்று கதவிலும் ஐந்து கதவிலும் கிடைத்தன. 2012இல் வந்த நான்காம் தலைமுறையில் மூன்று கதவு வடிவம் கைவிடப்பட்டது. பின் கதவின் கைப்பிடியை ஜன்னல் ஓரத்தில் மறைத்து வைத்து, இரு கதவு காரின் தோற்றத்தை மட்டும் தக்கவைத்துக்கொண்டது ரெனோ. பெஜோ 208 காரும் 2019இல் வந்த இரண்டாம் தலைமுறையிலிருந்து ஐந்து கதவுடன் மட்டுமே தயாராகிறது. மின்சாரக் காராக 2024இல் மறுபிறவி எடுத்த ரெனோ 5, பழைய காரின் முகச்சாயலை எடுத்துக்கொண்டதே தவிர அதன் கதவு எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

பிரான்ஸில் சிறு வணிகர்களுக்கு மூன்று கதவு கார்களில் தனி ஆர்வம் இருந்ததுண்டு. பின்னிருக்கை நீக்கப்பட்டு இரண்டு இருக்கைகளுடன் வணிக வாகனமாகப் பதிவு செய்யப்படும் கார்களுக்கு, மதிப்புக் கூட்டு வரியைத் திரும்பப் பெற நிறுவனங்களுக்கு வழி உண்டு. சாதாரணப் பயணிகள் காருக்கு அந்தச் சலுகை பொதுவாக இல்லை. மூன்று கதவு வடிவம் நின்றபின், ஐந்து கதவு காரையே இரண்டு இருக்கைகளுடன் விற்கத் தொடங்கின நிறுவனங்கள். பக்கக் கதவு வழியே பெட்டிகளை ஏற்றி இறக்கும் வசதி கடைக்காரருக்குக் கூடுதலாகவே கிடைத்தது. ஆகவே இரு கதவுக்கு இருந்த அந்த ஆதரவும் தேய்ந்துவிட்டது.

சென்னையின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு

இந்தக் கேள்விக்கு இந்திய வாடிக்கையாளர்கள் 1960களிலேயே பதில் சொல்லிவிட்டார்கள் எனலாம். அந்தப் பதிலைக் கேட்டு நடந்தது சென்னை நிறுவனம் ஒன்று.

1950களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியபின் இந்தியாவில் பயணிகள் கார் தயாரிப்பு மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. கல்கத்தா அருகே அம்பாசடர் காரைத் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் காரைத் தயாரித்த பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆகியவையே அவை. பிரிட்டனில் 1959இல் அறிமுகமான டிரையம்ஃப் ஹெரால்டு காரை, 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் சென்னை நிறுவனம் தயாரித்தது.

இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொத்தி வரைந்த அந்தக் கார் தோற்றத்தில் போட்டியாளர்களைவிட நவீனமாக இருந்தது. சுமார் 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பக்கூடியது என்பதால் குறுகிய தெருக்களுக்கும் ஏற்றது. ஆனால் அதற்கு இரண்டே கதவுகள். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் நான்கு.

பிரிட்டனில் அந்தக் காரைப் பெரும்பாலும் வாங்கியவரே ஓட்டினார். பின்னிருக்கை எப்போதாவது பயன்படுவது. இந்தியாவில் அன்று கார் வாங்கும் வசதி படைத்த பலர் ஓட்டுநரை வைத்திருந்தனர். அதாவது காரின் உரிமையாளர் அமர்வதே பின்னிருக்கையில்தான். ஓட்டுநர் இறங்கி, முன் இருக்கையை மடித்து, முதலாளி குனிந்து வெளியே வருவது யாருக்கும் உகந்த காட்சியாக இருந்திருக்க முடியாது. பட்டுப் புடவை கட்டிய பெண்களுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் அது மேலும் சிரமம்.

1960களின் பிற்பகுதியில் சென்னை நிறுவனம் ஹெரால்டுக்கு நான்கு கதவுகளை அமைத்தது. பிரிட்டனில் தாய் நிறுவனம் விற்காத வடிவம் அது. ஹெரால்டின் உடல் தனிச் சட்டத்தின் மீது பகுதி பகுதியாகப் பொருத்தப்பட்டிருந்ததால், கதவு அமைப்பை மாற்றுவது ஒப்பீட்டளவில் எளிதாக இருந்தது. அதைத் தொடர்ந்து 1970களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்ட் கெசல் காரில், இந்தியப் பழுதுபார்ப்போருக்குப் பழக்கமான உறுதியான பின் அச்சும் பொருத்தப்பட்டது.

ஆயினும் கதவுகள் மட்டுமே ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிவிடுவதில்லை. கெசல் 1970களின் இறுதிக்குள் நின்றது. 1985இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய கார் தோல்வியடைந்தது. பெருங்களத்தூரில் இருந்த ஆலை 1988இல் மூடப்பட்டு, தொழிலாளர்கள் வேலை இழந்தனர். வாடிக்கையாளரின் தேவையறிந்து கதவைத் திருத்திய நிறுவனம், எரிபொருள் சிக்கனத்தையும் விலையையும் அவர்கள் தேடிய காலத்தில் அதே கவனத்தைக் காட்டத் தவறியது என்பதே அதன் பிற்கால வரலாறு.

இந்தியாவின் அண்மை அனுபவம்

அதன் பின்னரும் இரு கதவுக்கான முயற்சிகள் இந்தியாவில் நடந்தன. டாடா நிறுவனம் 1991இல் கொண்டுவந்த சியரா இரு பக்கக் கதவுகளைக் கொண்டது. பலரும் அதை ரசித்தனர், சிலரே வாங்கினர். அதே பெயரில் 2025 நவம்பரில் டாடா மீண்டும் ஒரு காரை அறிமுகப்படுத்தியபோது அதற்கு நான்கு பக்கக் கதவுகள் இருந்தன.

மஹிந்திரா நிறுவனம் 2020இல் மூன்று கதவு தார் வாகனத்தைப் புதுப்பித்து வெளியிட்டு நல்ல வெற்றி கண்டது. 2024 ஆகஸ்ட் மாதம் அதன் ஐந்து கதவு வடிவம் வந்தது. முன்பதிவு தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சத்து 76 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்ததாக நிறுவனம் அறிவித்தது. மூன்று கதவு வடிவத்தையும் மஹிந்திரா கைவிடவில்லை.

சுசுகியின் ஜிம்னி சற்று வேறு பாடத்தைத் தருகிறது. 2023இல் இந்தியாவில் ஐந்து கதவுடன் வந்த இந்த வாகனம் உள்நாட்டில் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. ஆனால் இந்தியாவில் தயாரான அதே ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி இறுதியில் ஜப்பானில் அறிமுகப்படுத்தியபோது, சில நாட்களிலேயே சுமார் 50 ஆயிரம் பேர் பதிவு செய்தனர். மேலும் பதிவுகளை ஏற்பதை நிறுவனம் தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. பல ஆண்டுகளாக மூன்று கதவு ஜிம்னியை மட்டுமே பார்த்துவந்த நாடு ஜப்பான் என்பது குறிப்பிடத்தக்கது.

தெருவின் அளவும் பின்னிருக்கையின் வயதும்

பாரிஸ் போன்ற நெரிசலான நகருக்குச் சிறிய இரு கதவு கார்தானே பொருத்தம் என்று கேட்கலாம். கார் சிறிதாக இருப்பது பொருத்தம்தான். இரு கதவாக இருப்பது பொருத்தமா என்பது வேறு கேள்வி.

நான்கு கதவு காரின் முன் கதவு 105 சென்டிமீட்டர் நீளம் என்றும், இரு கதவு காரின் கதவு 130 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அடுத்த காருக்கு இடையே அரை மீட்டர் இடைவெளி உள்ள நிலத்தடி நிறுத்துமிடத்தில், முதலாவது கதவு சுமார் 28 பாகை திறக்கும். இரண்டாவது சுமார் 23 பாகையோடு நின்றுவிடும். மடித்த இருக்கைக்கும் பாதி திறந்த கதவுக்கும் இடையே பின்னாலிருப்பவர் நுழைந்து வர வேண்டும்.

பிரெஞ்சுச் சட்டப்படி பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், சில விதிவிலக்குகள் தவிர, பின்னிருக்கையிலேயே பயணம் செய்ய வேண்டும். அவர்களுக்கு உரிய ஆசனமும் தேவை. இரு கதவு காரில் அந்த ஆசனத்தைப் பொருத்தவும் குழந்தையை அதில் கட்டவும் தாயோ தந்தையோ ஒவ்வொரு முறையும் உடலை வளைத்து உள்ளே புக வேண்டும்.

மறுபுறம், 1980களில் அகதிகளாக பிரான்ஸ் வந்த ஈழத் தமிழர்களின் முதல் தலைமுறையினர் இப்போது ஓய்வு பெறும் வயதில் உள்ளனர். மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் பிள்ளைகளின் காரில் செல்பவர்கள் அவர்கள். முழங்கால் வலியுள்ள ஒருவருக்குப் பின் கதவு ஒரு வசதி என்பதைவிட அவசியம் என்றே சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக வேண்டாம் எனப்பட்ட அதே கதவு, இன்று குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஒருசேரத் தேவைப்படுகிறது.

நிறுவனங்கள் செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் நோக்கும்போது, ஒரு சாதாரண செடானுக்கு இரு கதவு வடிவம் அளிப்பதை நியாயப்படுத்துவது கடினம். அமெரிக்காவில் அத்தகைய கார்களுக்குப் பெயர்பெற்ற ஹோண்டாகூட, அக்கார்டின் கூபே வடிவத்தை 2017இலும் சிவிக்கின் கூபே வடிவத்தை 2020இலும் நிறுத்திக்கொண்டது.

விலகி நிற்பவை ஜெர்மானிய உயர்விலைக் கார்கள். பிஎம்டபிள்யூ நிறுவனம் தனது 3 வரிசையின் கூபேயை 2013இல் 4 வரிசை என்ற தனிப் பெயரில் பிரித்தது. மெர்சிடிஸ் நிறுவனம் இரு வேறு செடான்களின் கூபே வடிவங்களுக்குப் பதிலாக 2023இல் ஒரே கூபேயைக் கொண்டுவந்தது. அடித்தளத்தையும் இயந்திரத்தையும் செடானிடமிருந்து பெற்று, விலையைக் கூடுதலாக வைத்து, குறைந்த எண்ணிக்கையில் விற்பது இவர்களின் வழி. கூடுதல் பணம் தர வாடிக்கையாளர் உள்ள நிறுவனங்களுக்கே இது இயலும்.

ரெனோ, சித்ரோன் ஆகிய இரு பிரெஞ்சு நிறுவனங்களும் தமிழ்நாட்டில் கார்களைத் தயாரித்து வருகின்றன. ஒன்றின் ஆலை ஒரகடத்திலும் மற்றதன் ஆலை திருவள்ளூரிலும் உள்ளது. அங்கு தயாராகும் ரெனோ குவிட், சித்ரோன் சி3 போன்ற சிறிய கார்கள் தொடக்கத்திலிருந்தே ஐந்து கதவு கொண்டவை. விலையை எவ்வளவு குறைக்க வேண்டியிருந்தாலும் பின் கதவில் கை வைக்கக்கூடாது என்பதை அந்நிறுவனங்கள் உணர்ந்துள்ளதையே இது காட்டுகிறது.

இனி இரு கதவு கார் வேண்டுவோருக்குப் பெரும்பாலும் எஞ்சியிருப்பவை இரு வழிகள்: விலையுயர்ந்த கூபே ஒன்று, அல்லது பழைய கார்ச் சந்தை. குடும்பத்தின் ஒரே காராக அதை வாங்க எண்ணுபவர்கள், பின்னிருக்கையில் அடுத்த பத்து ஆண்டுகளில் யார் யார் அமரப் போகிறார்கள் என்பதை முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.