பெருமூளை வாதம்: சிகிச்சை எதைச் சரிசெய்கிறது?

"ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் நடப்பான்." ஒன்பது மாதமாகியும் உட்காராத குழந்தையைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஆறுதல் இது. அன்போடு சொல்வதுதான். ஆனால் குழந்தைக்குப் பெருமூளை வாதம் இருந்தால், சிகிச்சைக்கு மிகவும் ஏற்ற மாதங்கள் அந்த ஆறுதலிலேயே கழிந்துவிடுகின்றன.

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, கைவிரல்கள் எந்நேரமும் மூடியே இருக்கின்றன, துணி மாற்றும்போது கால்கள் விறைத்துக் கத்தரிபோல் பின்னிக்கொள்கின்றன, ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் நீட்டிப் பொருளை எடுக்கிறது என்றால் உடனே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிரசவம் ஆகியிருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர்களால் ஆறு மாதத்துக்குள்ளேயே இதைக் கண்டறிய முடியும்.

'சிபி' என்று பெற்றோர்கள் சுருக்கமாகச் சொல்லும் இந்தக் குறைபாடு தொற்றுவதில்லை. வளரும் மூளையில், கருவிலோ பிரசவத்தின்போதோ பிறந்த பிறகு முதல் சில ஆண்டுகளிலோ ஏற்படும் பாதிப்பால் அசைவும் உடல் நிலைப்பும் தடுமாறுகின்றன. ஆயிரம் குழந்தைகளில் இரண்டு, மூன்று பேருக்கு இது வருகிறது. இது வரும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரு கால்களும் விறைக்கின்றன. பிறந்ததும் வரும் மஞ்சள் காமாலை கடுமையாகி, கவனிக்காமல் விடப்பட்டால் கைகால்கள் தாமாகவே நெளியும் வகை வரக்கூடும்.

1861-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் லிட்டில், கடினமான பிரசவமே இதற்குக் காரணம் என்றார். சிக்கல் கருவிலேயே தொடங்கியிருக்கலாம் என்று பின்னர் மறுத்தவர், அப்போது நரம்பியல் மருத்துவராக இருந்த சிக்மண்ட் பிராய்ட். பிற்கால ஆய்வுகள் அவர் பக்கமே சாய்ந்தன. பிரசவத்தில் மூச்சுத்திணறல் நம் நாட்டில் இன்றும் முக்கியக் காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. கர்ப்பத்தில் எதைத் தின்றாய், எங்கே போனாய் என்று தாயைக் குடைவது அநியாயம்.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு காலப்போக்கில் பெருகுவதில்லை. அப்படியானால் மூன்று வயதில் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தை பத்து வயதில் நிற்கவே திணறுவது ஏன்? எலும்பு நீளமாக வளர்கிறது, எந்நேரமும் இறுகிக் கிடக்கும் தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. குதிகால் தரையை விட்டு எழும்புகிறது, முழங்கால் மடங்கிப்போகிறது. தொடை எலும்பு இடுப்புக் குழியிலிருந்து மெல்ல நழுவுகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தைக்கு இந்த நழுவல் உண்டு, தொடக்கத்தில் வலிகூட இருக்காது. தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகளுக்கு முறையாக இடுப்பு எக்ஸ்ரே எடுத்து, நழுவத் தொடங்கியதுமே சிகிச்சை தந்தார்கள். இடுப்பு முழுதாக விலகுவது அங்கே ஏறக்குறைய இல்லாமலே போனது. நம் ஊர்ப் பெற்றோரும் மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை இது.

ஆக, சிபிக்குத் தரும் சிகிச்சை மூளையின் தழும்பை அழிப்பதில்லை. அந்தத் தழும்பு தசையையும் எலும்பையும் பேச்சையும் கெடுக்காமல் காக்கிறது. போடாக்ஸ் ஊசி குறிப்பிட்ட தசையின் இறுக்கத்தைச் சில மாதங்களுக்குத் தளர்த்தும். அந்த இடைவெளியில்தான் பயிற்சியும் ஸ்பிளின்ட்டும் பலன் தரும். உடல் முழுக்க விறைப்பு என்றால் பேக்லோஃபென் போன்ற மருந்துகள், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை. பிசியோ என்றால் மேசையில் படுக்கவைத்துக் கைகாலை நீவி மடக்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். அது மட்டும் போதாது. குழந்தை தானே முயன்று எட்டி எடுக்கவும் எழவும் வேண்டும், திரும்பத் திரும்ப. நிமிர்த்தி உட்காரவைத்துச் சோறூட்டுவது, கரண்டியை அதன் கையிலேயே கொடுப்பது எல்லாம் சிகிச்சைதான்.

நிலத்தை விற்றாவது ஸ்டெம் செல் ஊசி போடுகிறோம் என்று வருகிறவர்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைப் பெருமூளை வாதத்துக்குத் தரக் கூடாது என்பதே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டுதல். ஆய்வில் சேர்ப்பவர்களிடம் அதற்காகப் பணம் வாங்கவும் கூடாது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. வாய் குழறுகிறது, எச்சில் வடிகிறது என்பதாலேயே புத்தி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறிவுத்திறன் குறைபாடே கிடையாது. சிபி உள்ள மும்பையின் மாலினி சிப் ஒற்றை விரலால் தட்டச்சு செய்து இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார், 2010-இல் தன்வரலாறும் வெளியிட்டார். சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து உருவாக்கிய 'ஆவாஸ்', படத்தைத் தொட்டால் பேசும் கருவி. அதை வாங்க வசதி இல்லையென்றால் படங்கள் ஒட்டிய அட்டை போதும், கண்ணால் காட்டியே குழந்தை பதில் சொல்லும். இதைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை.

எங்கே போவது? மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் தெரபியும் இலவசம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெருமூளை வாதத்தையும் அங்கீகரிக்கிறது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு மொத்தம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது, தெரபியும் அதில் அடங்கும். அதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவசியம், சிபி என்று உறுதியானதுமே விண்ணப்பித்துவிடலாம்.