ஆயிரம் முறை விழுந்தாலும் உடையாத விமானம்!

எங்கள் காஞ்சிபுரம் செவிலிமேட்டுப் பக்கம் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குப் போய், "தாத்தா, நான் ஒரு தரம் நாடாவை வீசிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுப் பாருங்கள். சரிகை போட்ட கல்யாணப் புடவை என்றால், நிச்சயம் கை வைக்க விடமாட்டார். பாவு இழை அறுந்தால் ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். சரிகை வீணானால் கூலியும் வீண். "முதலில் வேறு நூலில் கை பழகட்டும்" என்பார்.

ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானத்துக்கும் இதே பேச்சுதான். 'ஆர்.சி. விமானம்' என்பார்கள், ரேடியோ அலையால் தரையிலிருந்து இயக்கப்படும் குட்டி விமானம். தெர்மாகோல் போன்ற எடை குறைந்த பொருளில் உடல், மூக்கில் மோட்டாரும் காற்றாடியும், வயிற்றில் பேட்டரி. சுமாரான ஒன்றுக்கே சில ஆயிரம் ரூபாய் ஆகும். பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கி, நேராக மைதானத்துக்கு எடுத்துப் போகிறவர்களின் விமானம் பெரும்பாலும் ஒரு நிமிஷம்கூடப் பறப்பதில்லை. மூக்கு நசுங்கி, இறக்கை ஒடிந்து வீட்டுக்கு வந்து பரணில் ஏறிவிடும். அப்பா இன்னொன்று வாங்கித் தருவாரா? சந்தேகம்தான்!

இதற்குத்தான் கம்ப்யூட்டரில் 'சிமுலேட்டர்' இருக்கிறது. பாவனையாகப் பறக்கவிட்டுப் பழகும் மென்பொருள் அது. திரையில் ஒரு மைதானம். நீங்கள் தரையில் நிற்பதுபோலவே காட்சி. விமானம் விழுந்தால் ஒரு பட்டனை அழுத்துங்கள். புத்தம் புதிதாக ஓடுதளத்தில் வந்து நிற்கும். ஒரே நாளில் ஐம்பது முறை விழலாம். செலவு? மின்சாரம் மட்டும்!

சரி, அப்படி என்ன கஷ்டம் இதில் என்கிறீர்களா? ரிமோட்டில் வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் போகாதா?

போகும். ஆனால், யாருக்கு வலது?

ஒரு சோதனை செய்வோம். ஒரு காகித ராக்கெட் மடித்துக்கொள்ளுங்கள். அதன் வால் உங்களைப் பார்த்திருக்க, மூக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். இப்போது அதன் வலது இறக்கை உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது. இனி மூக்கு உங்களைப் பார்க்கும்படி திருப்புங்கள். அதே வலது இறக்கை எங்கே போயிற்று? உங்கள் இடது கைப்பக்கம்!

உடற்பயிற்சி வகுப்பில் உங்கள் எதிரே நிற்கும் ஆசிரியரைக் கவனித்திருக்கிறீர்களா? "வலது கையைத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே, அவர் தம்முடைய இடது கையைத் தூக்குவார். அப்போதுதான் சின்னக் குழந்தைகள் பார்த்து அப்படியே செய்வார்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது கைவந்த கலை. அந்தப் பழக்கம் வர எத்தனை நாள் ஆகும் என்பதும் எங்களுக்குத்தான் தெரியும்!

விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்வரை எல்லாம் சரியாக இருக்கும். திரும்பி உங்களை நோக்கி வரும்போதுதான் ஆபத்து. நீங்கள் குச்சியை வலது பக்கம் தள்ளுவீர்கள். அது தன்னுடைய வலது பக்கம் சாயும். உங்கள் கண்ணுக்கு அது இடது பக்கம் போவதுபோலத் தெரியும். "ஐயையோ!" என்று இன்னும் வலது பக்கம் தள்ளுவீர்கள். அது இன்னும் சாய்ந்து, தலைகுப்புற மண்ணில் குத்திவிடும். யோசித்துச் செய்ய நேரம் கிடைக்காது. கையே தானாகச் செய்ய வேண்டும்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது, எந்தப் பக்க இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ, அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்கள். சாயும் சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல! விமானம் நிமிர்ந்துவிடும். காகித ராக்கெட்டைக் கையில் பிடித்தே இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். படித்தால் ஒரு நிமிஷத்தில் புரிந்துவிடும். கைக்குப் புரியத்தான் சிமுலேட்டர் வேண்டும்.

பாவனை விமானத்தில் பழகுவது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா, பியானோ, ஆர்கன் செய்யும் தொழில் நடத்தி வந்தார். ஆர்கன் வாசிக்கக் காற்று வேண்டும். அதற்குத் துருத்திகள் உண்டு. அந்தத் துருத்திகளையே வைத்து, உட்கார்ந்தால் விமானம்போல ஆடிச் சாயும் ஒரு பெட்டியை 1929-ல் லிங்க் செய்தார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் விளையாட்டுப் பொருளாக வாங்கின! 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை தரப்பட்டது. மேகமும் பனியும் மூடிய வானத்தில் பறந்து பழக்கம் இல்லாததால் பலர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கின் பெட்டிகளில் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் லட்சக்கணக்கானோர் அந்த 'நீலப் பெட்டி'யில் பழகினார்கள். இன்றும் பயணிகள் விமானத்தை ஓட்டுகிறவர்கள் சிமுலேட்டரில் பழகித் தேறியாக வேண்டும்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். சிமுலேட்டரைக் கம்ப்யூட்டர் விசைப்பலகையில் ஓட்டாதீர்கள். விசை அழுத்தினால் முழுதும் போகும், விட்டால் நிற்கும். குச்சியையோ எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவுதான் விமானம் சாயும். அந்தக் கணக்குத்தான் பழக வேண்டியது. உண்மை விமானத்துக்கான ரிமோட்டையே யு.எஸ்.பி. கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைப்பது நல்லது. 'பிக்காசிம்' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கைப்பேசியிலும் ஓடும். விலை கொடுத்து வாங்கும் 'ரியல்ஃபிளைட்' பெரியவர்கள் மத்தியில் பிரபலம். தொடக்கத்துக்கு இலவசமே போதும்.

ரிமோட்டில் இரண்டு குச்சிகள். மோட்டார் வேகம் இடது கையில் இருந்தால் 'மோட் 2', வலது கையில் இருந்தால் 'மோட் 1'. உங்களுக்குச் சொல்லித் தரப்போகிறவர் எதில் ஓட்டுகிறாரோ அதையே பழகுங்கள். நடுவில் மாற்றினால் கை குழம்பிவிடும்.

சிமுலேட்டரில் ஜெட் விமானத்தை எடுத்துக் குட்டிக்கரணம் அடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. அது விளையாட்டு, பயிற்சி ஆகாது. இறக்கை உடலுக்கு மேலே அமைந்த, மெதுவாகப் பறக்கும் 'டிரெய்னர்' விமானத்தையே எடுங்கள். மைதானத்தைச் சுற்றி வாருங்கள். பிறகு '8' போடுங்கள். இடம், வலம் இரண்டு திருப்பமும் அதில் வந்துவிடும். உங்களை நோக்கி வருவதும் வந்துவிடும். பிறகு தரையிறக்கம். தொடர்ந்து பத்து முறை உடையாமல் இறக்குங்கள் பார்க்கலாம்! தினம் பதினைந்து நிமிஷம் போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அதுவே மேல். கண்ணுக்கும் நல்லது, அம்மாவிடம் திட்டும் மிஞ்சும்!

ஆனால், சிமுலேட்டர் கற்றுத்தராத சில விஷயங்களும் உண்டு. நிஜ விமானம் கொஞ்சம் தள்ளிப் போனால் காக்கை அளவுக்குச் சிறுத்துவிடும். வருகிறதா, போகிறதா என்றே தெரியாது. சூரியனுக்கு நேரே போனால் கண் கூசி ஆளையே காணோம்! மதியத்துக்கு மேல் காற்று குப்பென்று தூக்கும். அதனால் விடியற்காலைதான் சரியான நேரம். எங்கள் பாலாறு வறண்டு கிடக்கும் நாட்களில் பரந்த இடம் கிடைக்கும். மோட்டாருக்குள் மணல் புகுந்தால் மட்டும் கதை முடிந்தது. மின்கம்பி, சாலை, கோயில் கூட்டம் பக்கம் போகவே கூடாது. சுழலும் காற்றாடி விரலைக் கிழித்துவிடும். பேட்டரியைக் கடைசியாகத்தான் இணைக்க வேண்டும்; அதை ஆள் இல்லாத வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனால் தீப்பிடிக்கக்கூடும். இவை எல்லாவற்றுக்கும் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 2021-ல் வந்த டிரோன் விதிகளின்படி, எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று வரைபடம் உண்டு. அனுமதி தேவைப்படாத பச்சைப் பகுதியிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. எங்களுக்குப் பக்கத்திலேயே அரக்கோணத்தில் 'ராஜாளி' கடற்படை விமானத் தளம் இருக்கிறது. நிஜ விமானங்களும் ஹெலிகாப்டர்களும் போகும் வானம் இது! அப்பாவையோ ஆசிரியரையோ வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

"இதெல்லாம் விளையாட்டுத்தானே, படிப்பு கெடும்" என்று வீட்டில் யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள். சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. இருக்கிறது; அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த இடம். அங்குள்ள மாணவர்களின் 'தக்‌ஷா' குழு, 2018-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மருத்துவ டிரோன் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்தக் குழுவுக்கு ஆலோசகர் யார் தெரியுமா? நடிகர் அஜித்குமார்! மாதிரி விமானம் பறக்கவிடுவதில் நெடுநாள் ஆர்வம் உள்ளவர் அவர். டிரோன் ஓட்டச் சான்றிதழ் பெறும் பயிற்சியிலும் சிமுலேட்டர் ஒரு பாடம். அதற்கு 18 வயது ஆக வேண்டும். அதுவரை, உங்கள் பள்ளியில் என்.சி.சி. விமானப் பிரிவு இருந்தால் சேரலாம். மாதிரி விமானம் அங்கே பாடமாகவே உண்டு.

முதல் நாள் மைதானத்துக்குப் போகும்போது, கற்றுத்தருகிறவரிடம், "இரண்டு ரிமோட் இணைத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். கார் ஓட்டப் பழகும் பள்ளியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதுபோலத்தான். உங்கள் கை தடுமாறினால், அவர் ஒரு பட்டனைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்வார்.