ஆலை வாசலிலிருந்து மக்களவைக்கு

கரும்பை வெட்டிப் போட்டுவிட்டால் விவசாயி பேரம் பேச முடியாது. நாள் ஆக ஆக எடை குறையும், சர்க்கரைச் சத்து இறங்கும். ஆலை சொல்லும் விலைக்குத் தலையாட்ட வேண்டியதுதான். மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு: கூட்டுறவு ஆலையின் தலைவரே பல ஊர்களில் அரசியல் தலைவரும்கூட. விலை கேட்டு யாரிடம் போவது?

ஷிரோல் வட்டாரத்து விவசாயி ராஜு ஷெட்டி இதற்குக் கண்ட வழி எளிமையானது. வெட்டிய பிறகு கேட்காதே, வெட்டும் முன்பே கேள். அரவைப் பருவம் தொடங்கும் நேரத்தில் ஜெயசிங்பூரில் கரும்பு மாநாடு கூடும். அந்த ஆண்டுக்கு என்ன விலை வேண்டும் என்று அங்கே அறிவிப்பார்கள். அந்த விலையின் முதல் தவணை முடிவாகும்வரை கரும்பு வண்டிகள் ஓடாது. வெட்டாத கரும்புதான் விவசாயியின் பலம் என்பதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்ட தலைவர்கள் குறைவு.

சரத் ஜோஷியின் விவசாயிகள் இயக்கத்தில் வளர்ந்த ஷெட்டி, பிறகு பிரிந்து சுவாபிமானி ஷேத்கரி சங்கடனா என்ற விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார். 2004-ல் சட்டமன்றம், 2009-ல் ஹாத்கணங்கலே தொகுதியிலிருந்து மக்களவை. தேர்தல் செலவுக்கு ஊர் மக்களே பணம் போட்டார்கள். ஓட்டும் கொடுத்து நோட்டும் கொடுத்த அந்த மக்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

2014-ல் பா.ஜ.க. கூட்டணியில் நின்று மீண்டும் வென்றார். விவசாயிகளுக்குத் தந்த வாக்கைக் காப்பாற்றவில்லை என்று 2017-ல் கூட்டணியை விட்டு வெளியேறினார். சங்கத்தில் கூட இருந்த சதாபாவ் கோத் மாநில அரசில் அமைச்சராகவே தொடர்ந்தார்.

2018 ஆகஸ்டில் ஷெட்டி மக்களவையில் இரண்டு தனிநபர் மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று விவசாயிகளுக்குக் கடனிலிருந்து விடுதலை தர. மற்றொன்று, முழு உற்பத்திச் செலவுக்கு மேல் 50 சதவீதம் சேர்த்த விலையைச் சட்டப்படி உறுதிசெய்ய. நம் எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் பரிந்துரைத்த கணக்கு அது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இவையும் ஆகவில்லை. ஆனாலும் விவசாய சங்கங்கள் பல கூடி எழுதிய வாசகம் சட்ட வடிவில் அவைக்குள் வந்தது பெரிய காரியம் என்றே நான் கருதுகிறேன்.

மசோதாக்களுக்கு முந்தைய மாதம்தான் ஷெட்டி மும்பைக்குப் போகும் பாலை நிறுத்தி, கொள்முதல் விலை லிட்டருக்கு 25 ரூபாய் என்று அரசை அறிவிக்க வைத்திருந்தார். அடுத்த ஆண்டே தோற்றார். 2009-ல் நிவேதிதா மானேவை வென்றவர், 2019-ல் அவருடைய மகன் தைர்யஷீலிடம் தொகுதியை இழந்தார். 2024-லும் தோல்வி. ஜெயசிங்பூர் மாநாடு மட்டும் நிற்கவில்லை; அங்கே பதவி இல்லாமலே விலை கேட்டுக்கொண்டிருக்கிறார்.